ஒரே பொருள், அளவு மாறினால் நிறம் மாறும்! - கியூ.எல்.இ.டி. திரைக்குள் இருக்கும் குவாண்டம் புள்ளிகள்

வ. புதுப்பட்டியிலிருந்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதங்கள்தான் ஆகின்றன. திருமண ஆல்பம், அழைப்பிதழ் ஆகியவற்றை வீட்டிலிருந்தபடியே வடிவமைத்துக் கொடுக்கிறார். அச்சு வேலை சிவகாசியில் நடக்கிறது. அண்மையில் ஒரு ஆல்பத்தில் மணப்பெண் கட்டியிருந்த அரக்குச் சிவப்புப் பட்டு, திரையில் செங்கல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. உடனே இவர் சிவப்பைக் கூட்டிவிட்டார். அச்சாகி வந்தபோது புடவை மட்டுமல்ல, மணப்பெண்ணின் முகமும் சிவந்து போயிருந்தது! ஆல்பத்தை மறுபடியும் அச்சடித்துக் கொடுத்ததில் கிடைத்த கூலி அத்தனையும் போய்விட்டது.

"ராஜபாளையத்தில் ஒரு கடையில் கேட்டேன். கியூ.எல்.இ.டி. மானிட்டர் வாங்குங்கள், நிறமெல்லாம் சரியாக வரும் என்கிறார்கள். சாதாரண மானிட்டரைவிடச் சில ஆயிரம் ரூபாய் அதிகம். கொடுக்கலாமா? அதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. கொடுக்கலாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதில் என்ன இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், முடிவை நீங்களே எடுத்துவிடலாம்.

திரையில் நிறம் எப்படி வருகிறது?

உங்கள் மானிட்டரில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெள்ளை நிறமே அங்கு இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களில் சிறுசிறு கட்டங்கள்தான் தெரியும். மற்ற எல்லா நிறங்களும் இந்த மூன்றின் கலவையே.

எல்.சி.டி. திரையில் இந்தக் கட்டங்கள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னால் இருக்கும் எல்.இ.டி. விளக்கின் வெளிச்சம், ஒவ்வொரு கட்டத்தின் முன்னும் உள்ள நிற வடிகட்டி வழியாக வெளியே வருகிறது. அந்த எல்.இ.டி. உண்மையில் வெள்ளை விளக்கு அல்ல. அது ஒரு நீல விளக்கு. அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பூச்சு இருக்கிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன.

சிக்கல் இங்கேதான். அந்த மஞ்சள் பூச்சு தரும் ஒளியில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் கலந்து பரவிக் கிடக்கும். சிவப்பு குறைவு. சிவப்பு வடிகட்டி வழியாக வரும்போது ஆரஞ்சும் கொஞ்சம் கூடவே வந்துவிடும். பட்டுப் புடவை செங்கல் நிறமாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பின்னால் இருக்கும் விளக்கிலேயே தூய சிவப்பும் தூய பச்சையும் இருந்தால் இந்தத் தொல்லை இருக்காது. அந்த வேலையைச் செய்ய வந்தவைதான் குவாண்டம் புள்ளிகள். ஆங்கிலப் பெயரில் சொன்னால் குவாண்டம் டாட்.

மத்தாப்பும் குவாண்டம் புள்ளியும்

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு நிற ஒளியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டாசில் சிவப்பு வேண்டுமென்றால் ஸ்ட்ரான்ஷியம் உப்பு. பச்சைக்குப் பேரியம் உப்பு. நீலத்துக்குச் செம்பு. மஞ்சளுக்குச் சோடியம். நிறத்தை மாற்ற வேண்டுமா? மருந்தை மாற்ற வேண்டும்.

குவாண்டம் புள்ளியில் அப்படி இல்லை. மருந்து ஒன்றுதான். அளவை மாற்றினால் நிறம் மாறிவிடும்!

காட்மியம் செலினைடு என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். இது ஒரு குறைகடத்தி. உங்கள் கம்ப்யூட்டரின் பிராசஸரில் இருக்கும் சிலிக்கானும் குறைகடத்திதான். காட்மியம் செலினைடை மிக நுண்ணிய துகள்களாக்கி, ஒரு திரவத்தில் மிதக்கவிட்டு, புற ஊதா விளக்கின்முன் வைத்தால் கிடைக்கும் நிறங்கள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

* 2 நானோமீட்டர் குறுக்களவு - நீலம்
* 3 நானோமீட்டர் - பச்சை
* 4 நானோமீட்டர் - மஞ்சள், ஆரஞ்சு
* 5 முதல் 6 நானோமீட்டர் - சிவப்பு

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பாகங்களாகப் பிரித்தால் ஒரு பாகம்தான் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் இருக்கும். பச்சையாக ஒளிரும் புள்ளியில் சில நூறு அணுக்கள்தான் இருக்கின்றன. சிவப்புப் புள்ளியில் சில ஆயிரம். அணுக்களின் வகை ஒன்றே. எண்ணிக்கை மட்டும்தான் வேறு.

சிறிதானால் ஏன் நீலமாகிறது?

குறைகடத்தியில் இருக்கும் எலெக்ட்ரான்களுக்கு ஒரு கீழ்த்தளமும் ஒரு மாடியும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்க இடமே கிடையாது. ஒளி பட்டால் எலெக்ட்ரான் மாடிக்குத் தாவும். சற்று நேரத்தில் கீழே விழும்போது, அந்த உயரத்துக்கான ஆற்றலை ஒளியாக வெளிவிடும். உயரம் குறைவு என்றால் சிவப்பு. நடுத்தரம் என்றால் பச்சை. அதிகம் என்றால் நீலம். இந்த உயரத்தை ஆற்றல் இடைவெளி என்கிறார்கள்.

ஒரு கட்டியாக இருக்கும்போது காட்மியம் செலினைடின் இடைவெளி சுமார் 1.74 எலெக்ட்ரான் வோல்ட். கண்ணுக்கு எட்டும் சிவப்பின் ஓரம் அது. கட்டியை இரண்டாக உடைத்தாலும் நூறாக உடைத்தாலும் இந்த எண் மாறாது. உப்பைப் பொடி செய்தாலும் கரிப்பு மாறாதது போல. ஆனால் துகள் ஒரு சில நானோமீட்டர் அளவுக்கு வந்ததும் கதையே மாறுகிறது.

காரணம், எலெக்ட்ரான் ஒரு குண்டுமணி மாதிரி மட்டும் நடந்துகொள்வதில்லை, அலை மாதிரியும் நடந்துகொள்கிறது. அலைக்கு இடம் வேண்டும். இடம் சுருங்கினால் அலை நெருக்கப்படும். நெருக்கப்பட்ட அலைக்கு ஆற்றல் அதிகம்.

குழாயடியில் குடம் நிரம்புவதைக் கேட்டிருப்பீர்கள். தண்ணீர் ஏற ஏற ஓசை 'டொம்' என்பதிலிருந்து 'கீச்' என்று உயர்ந்துகொண்டே போகும். குடத்தைப் பார்க்காமலேயே அது நிரம்பப் போவதைச் சொல்லிவிடலாம். குடம் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை. உள்ளே காற்று அதிர்வதற்கான இடம்தான் குறைந்துகொண்டே வந்தது. குவாண்டம் புள்ளியிலும் இதே போலத்தான். அங்கே ஒலியின் சுருதி உயர்கிறது. இங்கே ஒளியின் நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி உயர்கிறது.

கணக்கில் சொன்னால், அடைபட்டிருப்பதால் கூடும் ஆற்றல், துகளின் அளவு பாதியானால் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால்தான் ஒரே ஒரு நானோமீட்டர் வித்தியாசம் பச்சையை ஆரஞ்சாக்கிவிடுகிறது. துகள்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் நிறம் தூய்மையாக இருக்கும். அளவு கலந்துகிடந்தால் நிறமும் கலங்கலாகத்தான் இருக்கும்.

கண்ணாடியில் தொடங்கிய கதை

நிறக் கண்ணாடி செய்பவர்களுக்கு ஒரு விஷயம் வெகுகாலமாகத் தெரியும். ஒரே பொருளைச் சேர்த்தாலும், சூளையில் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பொறுத்துக் கண்ணாடியின் நிறம் மாறும். ஏன் என்பதுதான் புரியாமல் இருந்தது. சோவியத் நாட்டில் அலெக்ஸி எகிமோவ் என்ற இயற்பியலாளர் செம்புக் குளோரைடு சேர்த்த கண்ணாடியை வெவ்வேறு நேரம் சூடாக்கிப் பார்த்தார். உள்ளே உருவான படிகங்கள் 2 நானோமீட்டர் முதல் 30 நானோமீட்டர் வரை இருந்தன. படிகம் சிறிதாக இருந்தால், அது விழுங்கும் ஒளி நீலப் பக்கம் நகர்ந்திருந்தது. 1981-இல் இதை வெளியிட்டார்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயி புரூஸ் காட்மியம் சல்பைடுத் துகள்களைத் திரவத்தில் மிதக்கவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் மேசைமேல் சும்மா வைத்திருந்த திரவத்தின் ஒளிப் பண்பு மாறியிருந்தது. துகள்கள் தாமாகவே வளர்ந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டார். புதிதாகச் செய்தவை சுமார் 4.5 நானோமீட்டர். வைத்திருந்தவை சுமார் 12.5 நானோமீட்டர். 1983-இல் அவரும் முடிவை வெளியிட்டார். எகிமோவ் செய்தது அப்போது அவருக்குத் தெரியாது.

ஆனால் துகள்களை ஒரே சீரான அளவில் செய்வதுதான் பெரும் தலைவலியாக இருந்தது. 1993-இல் எம்.ஐ.டி.யில் மௌங்கி பவெண்டியின் குழு வழி கண்டுபிடித்தது. இந்த மூவருக்கும் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பால்கோவா பக்குவம்

பவெண்டி குழுவின் முறை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். பாலும் சீனியும் எல்லோரும் சேர்ப்பதுதான். அடுப்பிலிருந்து எப்போது இறக்குகிறோம் என்பதில்தான் பால்கோவாவின் நிறமும் பதமும் இருக்கிறது. இங்கும் அதே கதைதான்.

சுமார் 300 டிகிரி சூட்டில் இருக்கும் எண்ணெய் போன்ற திரவத்துக்குள் மூலப்பொருள்களை ஒரே வீச்சில் செலுத்துகிறார்கள். உடனே கோடிக்கணக்கான சிறு படிகங்கள் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. பிறந்த நேரம் ஒன்று என்பதால் எல்லாம் ஒன்றுபோல வளர்கின்றன. சீக்கிரம் இறக்கினால் பச்சை. இன்னும் சற்று விட்டால் ஆரஞ்சு. மேலும் விட்டால் சிவப்பு.

இத்துடன் வேலை முடியவில்லை. புள்ளியின் மேற்பரப்பில் இருக்கும் குறைகள் ஒளியைத் தின்றுவிடும். அதனால் 1990-களின் நடுவில் துத்தநாக சல்பைடால் ஒரு மேல் ஓடு போடக் கற்றுக்கொண்டார்கள். ஒளிர்வு பல மடங்கு கூடியது. அப்படியும் காற்றும் ஈரமும் இவற்றுக்கு ஆகாது. அதனால்தான் மானிட்டருக்குள் இவற்றைக் காற்றுப் புகாத மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அடைத்து வைக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதில் வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் டி.டி. சர்மாவும் அங்ஷுமான் நாகும், மாங்கனீஸ் சேர்த்த காட்மியம் சல்பைடு நானோத் துகள்களிலிருந்து வெள்ளை ஒளியே வரச்செய்யலாம் என்று 2007-இல் காட்டினார்கள்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர்

வாசகியின் ஊருக்குப் பக்கத்திலேயே, ஒளியின் நிறம் ஏன் மாறுகிறது என்ற கேள்வியோடு வாழ்ந்த ஒருவர் பிறந்திருக்கிறார். அவர் கே.எஸ். கிருஷ்ணன். 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1923-இல் கல்கத்தாவில் சர் சி.வி. ராமனிடம் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஒரு புதிர் இருந்தது. திரவங்களில் ஒரு நிற ஒளியைச் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் வேறொரு நிறமும் மிக மங்கலாகத் தெரிந்தது. அழுக்கு கலந்ததால் வரும் ஒளிர்வு என்று முதலில் நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. 1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் திரவம் திரவமாகச் சோதித்து, வந்த ஒளி முனைவாக்கம் பெற்றிருப்பதைப் பார்த்தார். சாதாரண ஒளிர்வு அப்படி இருக்காது. இது புதிய விளைவு என்பது உறுதியாயிற்று. சுமார் 60 திரவங்களைச் சோதித்து ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய குறிப்பு 1928 மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழில் வந்தது. ராமன் விளைவு என்று உலகம் அழைப்பது இதைத்தான்.

ராமன் விளைவும் குவாண்டம் புள்ளியின் ஒளிர்வும் ஒன்றல்ல. ராமன் விளைவில் ஒளி, மூலக்கூறின் அதிர்வோடு கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறது. குவாண்டம் புள்ளியோ ஒளியை முழுதாக விழுங்கி, பிறகு தன் நிறத்தில் வெளிவிடுகிறது. ஆனால் இன்று நானோத் துகள்களைச் சோதிக்கும் ஆய்வகங்களில் ராமன் விளைவால் இயங்கும் கருவிகளும் பயன்படுகின்றன.

பெட்டிக்குள் வந்தது எப்படி?

கியூ.எல்.இ.டி. மானிட்டரில் நீல எல்.இ.டி.தான் விளக்கு. மஞ்சள் பூச்சு கிடையாது. அதற்குப் பதிலாகப் பச்சைப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும் நிறைந்த ஒரு தாள். நீல ஒளியில் ஒரு பகுதியை அந்தப் புள்ளிகள் விழுங்கித் தூய பச்சையாகவும் தூய சிவப்பாகவும் மாற்றுகின்றன. மீதி நீலம் அப்படியே வருகிறது. நீலத்தைச் சிவப்பாக்கலாம். சிவப்பை நீலமாக்க முடியாது. மாடியிலிருந்து விழுந்தால் கிடைப்பது, ஏறுவதற்குச் செலவழித்ததைவிட அதிகமாக இருக்காது அல்லவா!

2013-இல் சோனி தொலைக்காட்சிகளில் இந்த நுட்பம் விற்பனைக்கு வந்தது. 2015-இல் சாம்சங் காட்மியம் இல்லாத புள்ளிகளோடு வந்தது. கியூ.எல்.இ.டி. என்ற பெயரை 2017-இல் அதே நிறுவனம் பரப்பியது.

காட்மியத்தை ஏன் விட்டார்கள்? அது நச்சு உலோகம். மின்னணுப் பொருள்களில் 0.01 சதவீதத்துக்கு மேல் காட்மியம் கூடாது என்பது ஐரோப்பிய விதி. இந்திய மின்கழிவு விதிகளிலும் இதே அளவுதான். பட்டாசில் பேரியத்துக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கும். நல்ல நிறம் தருவதெல்லாம் நல்ல பொருளாக இருப்பதில்லை. இப்போது பல திரைகளில் இண்டியம் பாஸ்பைடு புள்ளிகள் இருக்கின்றன. பொருள் வேறு. அளவு நிறத்தை மாற்றும் விதி மட்டும் அதேதான்.

கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை

1. கியூ.எல்.இ.டி.யும் ஓ.எல்.இ.டி.யும் ஒன்றல்ல. கடைகளில் கிடைக்கும் கியூ.எல்.இ.டி. என்பது எல்.சி.டி. திரைதான், பின்விளக்கு மட்டும் மேம்பட்டது. ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு கட்டமும் தானே ஒளிரும். 2022 முதல் இரண்டையும் சேர்த்த திரைகளும் வந்திருக்கின்றன. விலை மிக அதிகம்.

2. "1.67 கோடி நிறங்கள்" என்ற வரியைப் பார்த்து மயங்க வேண்டாம். 256 x 256 x 256 என்ற பெருக்கல்தான் அது. சாதாரண மானிட்டரிலும் அதுவே இருக்கும். நிறங்களுக்கு இடையே எத்தனை படிகள் என்பதையே அது சொல்கிறது. எவ்வளவு தூய சிவப்பு வரை போகும் என்பதைச் சொல்லாது.

3. நீங்கள் பார்க்க வேண்டியது நிற வீச்சு. "எஸ்.ஆர்.ஜி.பி. 100 சதவீதம்", "டி.சி.ஐ. பி-3 90 சதவீதம்" என்பது போல எழுதியிருக்கும். எண்ணே இல்லாமல் வெறும் 'குவாண்டம்' என்று மட்டும் இருந்தால் விவரம் கேளுங்கள்.

4. கடையில் ஓடும் டெமோ படத்தை நம்பி வாங்காதீர்கள். உங்களுக்கு நன்கு தெரிந்த படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய், இரண்டு மானிட்டரிலும் ஒரே வெளிச்சத்தில் போட்டுப் பாருங்கள்.

5. தமிழ் டைப்பிங், கணக்கு, இன்டர்நெட் போன்ற வேலைகளுக்கு இந்தச் செலவு தேவையில்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் சிறு புற ஊதா டார்ச் இருந்தால், ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கை கழுவும் சானிடைசரில் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி டார்ச் அடித்தால், பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை விழுங்கி, தெரியும் ஒளியாகத் தருகிறது மஞ்சள். நிறத்தை முடிவு செய்வது இங்கே மஞ்சளில் இருக்கும் மூலக்கூறு. அதை எவ்வளவு அரைத்தாலும் நிறம் மாறாது. குவாண்டம் புள்ளியின் சிறப்பு என்ன என்பது இதிலேயே புரிந்துவிடும். டார்ச்சைக் கண்ணில் அடிக்கக் கூடாது. சானிடைசர் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்புக்குப் பக்கத்திலும் செய்யக் கூடாது.

சரி, வாசகிக்கு என்ன பதில்?

உடனே பணத்தை எடுக்காதீர்கள் என்பதே நம் பதில். முதலில் காசு செலவில்லாத மூன்று வேலைகள் இருக்கின்றன. விண்டோஸில் நைட் லைட் என்ற வசதி ஓடிக்கொண்டிருந்தால் திரை முழுவதும் மஞ்சள் படிந்திருக்கும். அதை நிறுத்துங்கள். அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் 'கேலிபரேட் டிஸ்பிளே கலர்' என்று தேடி எடுத்து, அது சொல்லும்படி திரையைச் சரிசெய்யுங்கள். மூன்றாவதாக, அச்சகத்திடம் அவர்கள் பயன்படுத்தும் நிற புரொஃபைலைக் கேட்டு வாங்கி, முதலில் ஒரு பக்கம் மட்டும் மாதிரி அச்சடித்துத் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சில் இருப்பது நான்கு மைகள்தான். திரை காட்டும் எல்லா நிறத்தையும் அவற்றால் கொண்டுவர முடியாது.

இதெல்லாம் செய்தும் பட்டு செங்கலாகவே தெரிந்தால் மானிட்டரை மாற்றலாம். எஸ்.ஆர்.ஜி.பி. 100 சதவீதம் காட்டும் நல்ல ஐ.பி.எஸ். மானிட்டரே உங்கள் வேலைக்குப் போதும். கியூ.எல்.இ.டி.தான் வேண்டும் என்றால், மெனுவில் எஸ்.ஆர்.ஜி.பி. மோட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாமல் போனால் சாதாரணப் படங்கள்கூட அதில் அளவுக்கு மீறிச் சிவந்து தெரியும். நீங்கள் சிவப்பைக் குறைப்பீர்கள். அச்சில் மணப்பெண் வெளிறிப் போய் வருவார். முன்பு நடந்த அதே நஷ்டம், இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக!

குவாண்டம் புள்ளி தூய நிறத்தைத் தரும். ஆனால் எந்த நிறம் சரி என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு அளவாகப் பயன்படுத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது.